ஏரிமேல் கலையாத பனி

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை

அன்பு மனைவிக்கு,

நவம்பர் 3, செவ்வாய் என்று நீ தேதியிட்ட கடிதம் கிடைத்தது. 3ஆம் தேதி திங்கட்கிழமை, போகட்டும். உன் மூட்டுவலி தணிந்ததா? வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா?

நேற்று மாணவர்களை ஏரிப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றேன். பாறை அடுக்குகளைக் காட்டிய பின், இரவில் சரிவுகளின் குளிர்காற்று கீழிறங்கி ஏரிமேல் பனியாகத் தங்குவதையும், வெயில் ஏறியதும் அது கலைவதையும் விளக்கினேன். “நண்பகலாகியும் பனி கலையவில்லை, அரிய காட்சி, குறித்துக்கொள்ளுங்கள்” என்றேன். ஒருவரும் எழுதவில்லை. பேருந்து ஓட்டுநர்தான் வாய் திறந்தார்.

“எந்தப் பனி சார்? வெயில் மண்டையப் பொளக்குது. அக்கரையில மேயுற ஆடுகூடத் தெரியுதே!”

“உங்க கண்ணெல்லாம் சரியா இருக்கான்னு சோதிச்சேன்” என்று சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

கவலைப்பட ஒன்றுமில்லை. ஆயினும் இன்று காலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், அறையின் சன்னலையும் துடைத்தேன். பனி அப்படியே இருக்கிறது. துறைத்தலைவர் காதுக்கு எட்டினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். டிசம்பர் 20, சனிக்கிழமை, விடுமுறைக்கு வருகிறேன். 22ஆம் தேதிக்கு நம் கண் மருத்துவரிடம் நேரம் வாங்கி வை. மகனிடம் மூச்சு விடாதே.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பதிலைச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுது. நீ எழுதியதை வேறொருவர் படித்துச் சொல்லிக் கேட்க எனக்கு மனமில்லை.

உன் கணவன்