அக்கா சாப்பிடச் சொன்ன நேரம்

27.1.2025, திங்கள்
பிரம்மி அக்காவைப் பார்க்கத் தொண்டூர் போயிருந்தேன். டாக்டர் கைவிரித்து மூன்று வாரம். படுத்த படுக்கையிலும் அதிகாரத்துக்குக் குறைவில்லை. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். "நீ இருந்து இன்னா பண்ணப்போற? சக்கரைய வச்சிக்கினு பட்டினி கெடப்ப. போய் பொழுதோட சாப்டு" என்று விரட்டிவிட்டாள்.

சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் எனக்கோ பொழுதே தெரியாது. அதனால் தினமும் மாலையில் போன் போட்டு, "சாப்டியாடி?" என்பாள். எரிச்சலாக வரும். மூன்று வாரமாக அந்தப் போனும் இல்லை.

29.1, புதன்
அமாவாசை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கூட்டமெல்லாம் மேல்மலையனூருக்கு. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, திரும்பிவிட்டேன். நாளைக்குத் தொண்டூர் போய்க்கொள்ளலாம்.

31.1
அக்கா போய்விட்டாள். நேற்றுக் காலை எடுத்தார்கள்.

புதன் மாலை வீட்டில் நான் மட்டும். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம். "மருதேவி, பொழுது போவுது பாரு." அக்கா குரல், அதே அதட்டல்! "தோ வரேன்க்கா" என்று எழுந்து போனால் யாருமில்லை. மேடைமேல் என் தட்டு. நான்தான் வைத்தேனா? மணி ஐந்தே முக்கால். ஏனோ பயம் வரவில்லை. சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஆறேகாலுக்கு அக்கா மகள் ஜெயஸ்ரீ போன் செய்தாள். பிணம் எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. வெறும் வயிற்றோடு போயிருந்தால் நானும் அங்கேயே விழுந்திருப்பேன்.

ஆனாலும் பக்கத்துல இல்லியே நான். பஸ்ஸுல தொங்கிக்கினாவது போயிருக்கலாமே?

9.2, ஞாயிறு
தொண்டூர். ஜெயஸ்ரீ முகம் கொடுக்காமலே இருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"கடைசியா என்னயக்கூட கேக்கல சித்தி. அஞ்சே முக்கால் இருக்கும். 'மருதேவி சாப்ட்டாளா'ன்னாங்க. ஒங்களுக்கு போன்கூட போடாம, 'சாப்ட்டாங்கம்மா'ன்னுட்டேன். அப்பதான் கண்ண மூடுனாங்க. சாவப்போற அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"பொய் இல்லடி. அந்நேரம் தட்டு முன்னாடிதான் ஒக்காந்திருந்தேன்."

நடந்ததைச் சொன்னேன். இருவரும் நன்றாக அழுதோம். அப்புறம், செத்தும் அதிகாரம் போகவில்லையே என்று சிரிப்பு வந்துவிட்டது.

12.3
மணி ஐந்தரை. ரவிக்கை பாதியில் கிடக்கிறது. சாப்ட்டேன்க்கா.