பின்னணி இசை இல்லாத சாட்சி

என் கணவரும் எங்கள் சபைப் போதகருமானவருக்கு,

மூன்று நாள் உபவாசமிருந்து ஒரு முடிவெடுத்தேன். அதன்படி, சென்ற ஞாயிறு நீங்கள் சாட்சி சொன்னபோது நான் கீபோர்டு வாசிக்கவில்லை. பதினோரு வருடமாக, நீங்கள் கண்ணைத் துடைக்கும் இடம் வந்தால் மெல்ல வாசிக்கத் தொடங்குவேன். அன்று கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

இசை இல்லாததால் சபையார் முதன்முறையாக வார்த்தைகளைக் கேட்டார்கள். "என் மனைவி வேதாகமத்தை அடுப்பில் போட்டாள், நான் மன்னித்தேன், அவள் மனந்திரும்பினாள்" என்றீர்கள்.

நீங்கள் வெளியூர்க் கூட்டத்துக்குக் கிளம்பிய மறுநாள், பெண்கள் ஜெபத்தில் பொருளாளரின் மனைவி கேட்டாள்: "பாஸ்டரம்மா, நெஜமாவே நீங்களா எரிச்சீங்க? பாத்தா அப்படித் தெரியலையே."

"எரிச்சது அவரு. அப்ப நான் மட்டும்தான் சர்ச்சுக்குப் போயிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் இத்தன வருஷம் வாயத் தொறக்கல?"

"வாசிச்சிட்டு இருந்தேன்ல."

நீங்கள் எரித்த அன்று நான் அடுப்பிலிருந்து இடுக்கியால் எடுத்த அந்த வேதாகமம் இன்னும் என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரியாது. ஓரங்கள் கரிந்திருந்தாலும் முதல் பக்கத்தில் என் ஞானஸ்நானத் தேதி தெளிவாக இருக்கிறது. உங்களுடையதற்கு நான்கு வருடம் முந்தியது. ஜெபத்துக்கு வந்த பெண்களிடம் அதை எடுத்துக் காட்டினேன். எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய் அவரவர் கணவரிடம் சொன்னார்கள்.

மன்னிப்பைப் பற்றி நீங்கள் என்னைவிட நன்றாகப் பிரசங்கிப்பீர்கள். அதில் நான் தலையிடவில்லை.

இன்று காலை சபைச் செயலாளர் வந்து, ஆலய வாசலில் இருக்கும் உங்கள் பெயர்ப் பலகையைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் கேட்டார். கொடுத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி