எங்கள் வீட்டில் மட்டும் தெரியாத கடை

மார்ச் 4, புதன்
அப்பாவின் தையல் கடைக்கு வெப்சைட் போட்டுவிட்டேன். அது இருப்பது என் கட்டிலுக்கடியில், 'குண்டன்' என்று நாங்கள் கூப்பிடும் பழைய கம்ப்யூட்டரில். தோழி அவள் வீட்டிலிருந்து பார்த்து, "சூப்பரா இருக்குடி" என்றாள். எங்கள் வீட்டில் மட்டும் திறக்கவில்லை. அப்பா போனில் வைஃபை ரௌட்டரின் லாகின் பக்கம்தான் வந்து நிற்கிறது.

"என் கடைக்குள்ள போக என்கிட்டயே பாஸ்வேர்டு கேக்குதே!"

மார்ச் 5, வியாழன்
காரணம் புரிந்தது. வெளியிலிருந்து வருபவர்களை ரௌட்டர் குண்டனிடம் அனுப்புகிறது. வீட்டு வைஃபையிலிருந்து அதே பெயரைக் கேட்டால், தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறது. விளக்கினேன்.

அம்மா சொன்னாள்: "இவ படிப்பு வாசலைத் தாண்டினாதான் வேலை செய்யும் போல."

நான் நேர்மாறு. வாசலைத் தாண்டினால் எனக்குப் பேச்சே வராது.

மார்ச் 6, வெள்ளி
அப்பா போனில் டேட்டா கிடையாது, வீட்டு வைஃபை மட்டும்தான். என் போனில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் சைட்டைத் திறந்து காட்டினேன். "நீ பண்ணது உன் போன்ல தெரியாம போகுமா?" என்றார் அப்பா. ஞாயிறுவரை கெடு. அதற்குள் அவர் போனில் தெரியாவிட்டால், குண்டன் பழைய இரும்புக்காரருக்கு.

இந்த வீட்டின் முதல் பட்டதாரி நான். குண்டனும் போய்விட்டால் மூன்று வருடம் படித்ததற்கு என்ன மிஞ்சும் — சுவரில் மாட்டிய பட்டமளிப்பு போட்டோவா?

மார்ச் 7, சனி
இன்னும் பாஸ்வேர்டுதான் கேட்கிறது.

மார்ச் 8, ஞாயிறு
காலையிலேயே இரும்புக்காரர் வாசலில். அப்பா குண்டனின் ஒயரைப் பிடுங்கக் குனிந்தார். ஐயோ, பிடுங்கினால் சைட்டும் போச்சே! வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணே, உங்க போன்ல இந்த சைட்டைத் திறங்க!"

கத்தியே விட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் திறந்து, சத்தமாகப் படித்தார்: "ஜிப் மாற்ற, இடுப்பு தளர்த்த... ஏங்க, கடைக்காரர் நீங்கதானா? எவ்வளவு தளர்த்துவீங்க?"

உள்ளேயிருந்து அப்பா குரல், "எவ்வளவு வேணும்னாலும்!"

ஒயரை விட்டுவிட்டு டேப்போடு வெளியே வந்தார்.

மார்ச் 10, செவ்வாய்
ரௌட்டரில் ஒரு வரி சேர்த்தேன்: வீட்டுக்குள் யார் இந்தப் பெயரைக் கேட்டாலும் நேராகக் குண்டனிடம் அனுப்பு. அப்பா போனில் திறந்துவிட்டது. "இது முன்னாடியே தெரியாதா?" என்றார். தெரியாது.

மார்ச் 15, ஞாயிறு
தளர்த்திய பேண்ட்டோடு இரும்புக்காரர் மறுபடி வந்தார். வண்டியிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை இறக்கினார்.

"பாப்பா, இதை வெச்சுக்கிட்டு என் கடைக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

"கட்டிலுக்கடியில எங்க இடம் இருக்கு?" என்றாள் அம்மா.

அப்பா குனிந்து, குண்டன் பக்கத்தில் இருந்த தன் துணி மூட்டையை வெளியே இழுத்தார்.