ஒருவருக்கு மட்டும் டிக்கெட்

அன்புள்ள மகள் காஞ்சனாவுக்கு,

கரங்கானிலிருந்து அப்பா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளை புவனேசனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க முனியாண்டி சாமி துணை நிற்கட்டும். இந்தக் கடிதத்தை அம்மாவின் பையில் வைத்து அனுப்புகிறேன், நீ படிக்கும்போது அவள் அயர்லாந்தில் உன் வீட்டில் இருப்பாள். முட்டிவலி, அதனால் நான் வரவில்லை என்று போனில் சொன்னேனே, அது பொய்யம்மா. சொல்லக் கூடாது என்று தடுத்தது நான்தான், அம்மாவைக் கோபிக்காதே.

ஜனவரியில் அங்கே எலும்பு வரைக்கும் குளிரும், தடித்த கோட் இல்லாமல் வராதீங்க என்று நீ சொன்னாய். இந்த மலேசிய வெயிலில், கரங்கானில் அதை யார் விற்கிறார்கள்? அந்த வாரமே என் போனில் ஒரு விளம்பரம் வந்தது, கடையை மூடுகிறார்களாம், குளிர் கோட் பாதி விலையாம். அம்மாவிடம் படத்தைக் காட்டினேன், அவள் நீலக் கலர் கேட்டாள். நம்பருக்கு எழுதினேன், ஒரு பெண் உடனே கூப்பிட்டுத் தமிழிலேயே பேசினாள். மகள் பிரசவத்துக்குப் போகிறோம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னை அங்கிள் என்று சொல்லவில்லை. "கவலப்படாதீங்கப்பா, ரெண்டு கோட்டும் ஒரே பார்சல்ல வந்துரும்" என்றாள். நீ நைட் ஷிப்ட் முடிந்து அரைத் தூக்கத்தில் "அப்பா" என்று கூப்பிடுவாயே, அதே மாதிரி இருந்தது. பிறகு பார்சல் எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு ஆப் இறக்கச் சொல்லி லிங்க் அனுப்பினாள். கூரியருக்கு ஒரே ஒரு ரிங்கிட், அதற்குள்ளேயே கட்டுங்கப்பா என்றாள். பேங்க் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்துவிட்டேன். முப்பது வருஷம் செம்பனைக் குலை லாரி ஓட்டியவன், எண்ணெய் மில் கேட்டில் எடைச்சீட்டை இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்கு எதையும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் தானாகவே கறுத்துப் போனது. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் வெட்கத்தில் நாற்காலியை விட்டு எழவில்லை. அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி டீச்சரிடம் ஓடினாள். டீச்சர் தன் போனிலிருந்து மோசடிப் புகார் நம்பர் 997-க்கு அடித்து என் கையில் கொடுத்தார். பேங்கில் கணக்கை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் நம் டிக்கெட் பணத்தில் பாதி போய்விட்டது. மறுநாள் போலீஸ் ரிப்போர்ட்டும் கொடுத்தோம், திரும்பி வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. மிஞ்சியது ஒருவருக்குத்தான் போதும். அம்மா முடியாது என்றாள். "நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன், அந்த ஏர்போர்ட்ல எனக்கு வாயே வராது" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. முதல் பிரசவம், பிள்ளைக்குத் தாய்தான் வேண்டும், நான் வந்து என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். நான் வந்து என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. பிறகு பஸ் ஏறி அலோர் ஸ்டார் போய், மெர்கோங்கில் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் அவளுக்கு ஒரு கோட் வாங்கினோம். வெயிலில் வேர்த்து வழிய அதைப் போட்டுப் பார்த்து, "போனது போகட்டும்லா, இது நல்லா கனமா இருக்கு" என்றாள். அன்றைக்குத்தான் சிரித்தாள்.

டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, இப்போது பிள்ளைக்குச் செலவு இருக்கிறது. தொட்டில், துணி எல்லாம் போனில்தான் வாங்குகிறாயாம், அம்மா சொன்னாள். வேகமாக வாங்கு என்று அவசரப்படுத்துகிறவனிடம் எதுவும் வாங்காதே. கடைக்காரன் லிங்க் அனுப்பினால் தொடாதே, பணத்தை யார் பேருக்கோ நேராகப் போடச் சொன்னால் விட்டுவிடு. படித்தவள் நீ, உனக்குத் தெரியும், ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் இருப்பாய். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று, மறந்துவிடுவாள், நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அதன் அழுகையைக் கொஞ்ச நேரம் போனில் கேட்க விடுங்கள், படம் மெதுவாக வரட்டும். நீயும் பிள்ளையும் நூறு வயசு நல்லா இருக்கணும்.

இன்னொன்று முக்கியம். நம்பரை மாற்றிவிட்டேன், ஆனாலும் என் பழைய நம்பர் இன்னும் அவர்கள் கையில் இருக்கலாம். என் பேரில் பணம் கேட்டு, உன் போனுக்கு வரும் ரகசியக் கோடு நம்பர் கேட்டு மெசேஜ் வந்தால் நம்பாதே. நான் உன்னிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான், நீ எப்போது வருவாய் என்று. வேறு எதைக் கேட்டாலும் அது நான் இல்லை.

உன்னை நினைத்தபடி இருக்கும் அப்பா,
சுப்பிரமணியம்