பெட்டை என்று வாங்கிய சேவல்

அக்கா,

நேற்று அண்ணாச்சி உங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு நாகர்கோவிலுக்கே போய்விட்டார். ஊர் மதராசோடு சேர்ந்துவிட்டது, இனி எனக்குத் திருவனந்தபுரத்தில் என்ன வேலை என்றார். நீங்கள் கண்மூடியபின் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். போகும்போது உங்கள் பஞ்சாரத்தை மதிலுக்கு மேலாக நீட்டினார். கோழிமேல் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை சைவப் பிள்ளைமார் வீட்டுக்கு எதற்கு என்று என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். நான் வாங்கிப் புறவாசலில் வைத்தேன். தவிடும் காய்ந்த எச்சமுமாக உங்கள் முற்றத்து வாசனை அதில் அப்படியே இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை அக்கா, வெட்கம்தான் வந்தது.

நாங்கள் திருநெல்வேலியிலிருந்து இந்தக் கரமனைக்குக் குடிவந்த புதிதில் என் மகள் கோமதிக்கு நெஞ்சில் சளி கட்டி எலும்பும் தோலுமாகிவிட்டாள். தினம் ஒரு முட்டை கொடுத்தால்தான் தேறுவாள் என்றார் டாக்டர். முட்டை என்ற சொல்லையே நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினோம். அது எப்படியோ உங்கள் காதில் விழுந்து, மறுநாள் காலையில் மதில்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதற்குள் முட்டை. அதன் பிறகு ஒரு நாள் தவறவில்லை. பாலில் அடித்துக் கொடுப்பேன். பிள்ளை மடக்மடக்கென்று குடிப்பாள், கண்ணை மூடிக்கொள்வது நான்தான்.

காசு தரட்டுமா என்றால், "போட்டீ, பைசாயாம் பைசா!" என்று துரத்துவீர்கள். பிள்ளை தேறத் தேற எனக்கு உங்களை ஏறிட்டுப் பார்க்கவே கூசியது. யாரிடமும் கைநீட்டாத வீட்டில் பிறந்தவள் என்ற வீம்பு. இரண்டு கோழி வாங்கி உங்கள் கோழிகளோடு விட்டுவிட்டால், கோமதி குடிப்பது எங்கள் கோழியின் முட்டை என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன்.

இவர் சாலைக் கடைத்தெருவில் வாங்கித் துணிப்பையில் வைத்து, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார். வழியெல்லாம் கீரை தானாக அசைந்ததாம். பக்கத்தில் இருந்தவர் கீரையையும் இவர் முகத்தையும் மாறிமாறிப் பார்க்க, இவர் கரமனை வரைக்கும் வெளியே வேடிக்கை பார்த்தபடியே வந்தாராம்.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வந்த கையோடு இரண்டையும் மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டேன். உங்கள் கோழிகள் சுற்றி வளைத்துக் கொத்தின. ஒன்றின் தலையில் ரத்தம். நீங்கள் மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தீர்கள்.

"இப்படியாட்டி விடுவா? கொத்திக் கொன்னுரும்லா!"

நடு முற்றத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துப் புதுசுகளை அதற்குள் வைத்து, பழசுகளுக்கு அதைச் சுற்றியே தீனி போட்டீர்கள். "பாத்துப் பாத்துப் பழகட்டும். கொஞ்ச நாள் மொறைக்கும், பொறவு மறந்துரும்." பிறகு ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், எல்லாம் அடைந்தபின் அவற்றையும் கூட்டுக்குள் மெதுவாக விட்டீர்கள். காலையில் எல்லாம் ஒன்றாக இறங்கி வந்தன. "இனி யாரு வந்தது, யாரு இருந்ததுன்னு அதுகளுக்கே தெரியாது, கேட்டியா?"

எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒரு காலையில் எங்கள் பெட்டைகளில் ஒன்று கழுத்தை நீட்டி, தொண்டை கட்டிய பாகவதர்போல் கூவியது. விற்றவன் இரண்டும் பெட்டை என்று சொல்லியிருந்தான். சேவல் எது பெட்டை எது என்று சைவர்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன்.

உங்கள் பழைய சேவலுக்கு அது சிரிப்பாக இல்லை. தினமும் சண்டை, தினமும் ரத்தம். கடைசியில் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஒரு முத்தத்தில ரெண்டு சேவல் நிக்காதுட்டி. இது நீ தந்தது. என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

விற்றாலும் அது போய்ச் சேரும் இடம் சட்டிதான். கொல்லச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொல்ல வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை. "உங்க இஷ்டம் அக்கா" என்றேன். பாவத்தை மதிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்து, "செரி" என்றீர்கள்.

வீட்டுக்குள் வந்து திருச்செந்தூர் முருகனிடம் முறையிட்டேன். உன் கொடியில் இருப்பதல்லவா, நீதான் காப்பாற்ற வேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறி மணம் மதில் தாண்டி வந்தது. அடுக்களை ஜன்னலை அடித்துச் சாத்தி, "எப்படித்தான் இவுகளுக்கு மனசு வருதோ" என்று இவரிடம் சொன்னேன். உங்கள் முட்டையைக் குடித்துத் தேறிய பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அதே கட்டைத்தொண்டை கூவியது. நான் மதிலுக்கு ஓடினேன். நீங்கள் கூட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தீர்கள். பழைய சேவலைக் காணவில்லை.

"அக்கா, முருகன் காப்பாத்திட்டான்!"

"ஆமாட்டி. நல்ல சாமிதான்" என்றீர்கள். "மத்தது கெழடுதானே, போவட்டும்."

கிழடு என்பதை நான் நம்பிவிட்டேன். அண்ணாச்சி நேற்றுதான் சொன்னார். "அவ குஞ்சுல இருந்தே மடியில வச்சு வளத்த சேவலு. நீ தந்தத அறுத்தா உனக்கு மனசு நோவும்னுட்டா. எங்களுக்குக் கறிய வெளம்பிட்டு, அவ மோரு விட்டுச் சோறு தின்னா."

கோமதி இன்று பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமாக ஓடுகிறாள். அவள் பிழைத்ததற்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. சாமி விளக்கின் முன் நின்றால் முருகன் பெயர் வரும் முன்பே துடைப்பத்தோடு குனிந்து நிற்கிற உங்கள் முகம் வருகிறது. வளர்த்த உயிரைக் கொடுத்து என் மனசைக் காப்பாற்றியவரிடமே ஓடிப்போய், முருகன் காப்பாற்றினான் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அதற்கும் தலையாட்டினீர்களே, அக்கா.