வரம்போரம் ஒரு நிரை

புல்லோடு சண்டை பிடித்த என் அண்ணைக்கு,

கௌபிப் பயறு படர்ந்துவிட்டது. குரக்கன் பயிர் நிரைகளுக்கு நடுவே மண் தெரியவில்லை. இலையை விலக்கிப் பார்த்தேன். அடியில் புல், வெயில் காணாமல் வெளிறி, நூல் போலக் கிடக்கிறது. நான் சொன்னது சரி. ஒப்புக்கொள்ள நீ இல்லை.

கௌபி இலை மூடினால் புல் வராது என்று பல்கலைக்கழகத்தில் படித்ததைச் சொன்னபோது, விதைத்த அன்று சிரித்தாயே. "எடி கம்பஸ்காரி, இலை புல்லுப் பிடுங்குமோ? வரம்போரம் ஒரு நிரை எனக்கு விடு. ஒண்டும் போடாதை. உன்ரை கௌபியோ என்ரை கையோ, பாப்பம்."

விட்டேன். மூன்றாம் நாள் சந்தியில் லொறி உன்னை அடித்தது.

வெறும் நிரை. மழை குடித்த மண். புல் முழங்காலளவு வந்திருக்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டிச் சடங்கை முடித்துக் கீரிமலையிலிருந்து திரும்பிய பின்னேரம் அதைக் கண்டேன். புதிதாகப் புல் செருக்கிய செம்மண். நிரையின் முடிவில் கோரைப்புல், வேர் மேலே, நுனி கீழே, நீ அடுக்குவதுபோல. நீ புல் செருக்கும் உழவாரம் கொட்டிலில், துருப்பிடித்தபடி. யார்?

பக்கத்துத் தோட்டத்து மாமாவைக் கேட்டேன். "நான் என்ரை புல்லுக்கே ஆள் தேடித் திரியிறன், பிள்ளை," என்றார்.

அம்மா யாரையும் கேட்கவில்லை. விடிய எழும்பித் தேத்தண்ணி கொண்டுபோய் வரம்பில் வைக்கிறார். மத்தியானம்வரை அங்கேயே இருக்கிறார். சாப்பாடு இல்லை. எலும்பு தெரிகிறது.

"கோப்பை காலி, பாத்தியே?"

"நாய் குடிச்சிருக்கும், அம்மா."

"நாய் கோப்பையைக் கவிட்டு வைக்குமோடி?"

குடித்து முடித்ததும் எப்போதும் நீதான் கவிழ்த்து வைப்பாய்.

நேற்று அம்மா அந்த வெறும் நிரையைப் பார்த்துக் கதைப்பதைக் கேட்டேன். "கொஞ்சம் பொறு ராசா. நானும் வாறன்."

அதன் பிறகுதான் கொடிகளைக் கவனித்தேன். உன் நிரையின் விளிம்புவரை வந்து, எல்லாமே திரும்பியிருக்கின்றன. யாரோ நடக்க இடம் விட்டதுபோல.

அண்ணை, நீ வென்றாய். ஒரு புல்லும் இல்லை. இது போதாதா? அல்லது, முளைக்க இடம் இருக்கும்வரை உன்னால் போக முடியாதா?

நாளை அந்த நிரையிலும் விதைக்கிறேன். குரக்கன், பக்கத்தில் கௌபி. பிந்திவிட்டது, பரவாயில்லை. அம்மா என்னைத் திட்டுவார், அழுவார். இலை மூடட்டும். செருக்க உனக்கு எதுவும் மிஞ்சாது.

போ, அண்ணை. தனியாகப் போ.

விடிய அம்மாவின் பக்கத்தில் இருந்து அந்தத் தேத்தண்ணியை நானே குடிப்பேன். குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பேன். சத்தியம்.

இப்போது அம்மாவுக்கு மிஞ்சியிருக்கும்
உன் தங்கச்சி