இடது புருவம்

சிதம்பரம்,
மார்கழி பிறந்த வாரம்

அன்புள்ள பிரீதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே கூரை இருக்கிறது, அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன். இப்போதைக்கு நலம் என்றால் அவ்வளவுதான். நீ அங்கே உன் பனியோடு எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரியாவது எழுது. உங்கள் ஹாலிஃபாக்ஸில் பனிப்புயல், கரண்ட் இல்லை என்று எங்கோ படித்துவிட்டு அப்பா அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். உன் போர்வையைப் பற்றி மட்டும் கேட்டார், நீ கொண்டு போனாயா இல்லையா என்று. இந்தக் கடிதத்தில் இருப்பதை நான் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடனே ஒரு யோசனை சொல்வாய். எனக்கு யோசனை வேண்டாம். கொஞ்ச நேரம் இதை நீயும் வைத்திருக்க வேண்டும், பதில் சொல்லாமல். அதனால்தான் எழுதுகிறேன். பக்கங்களை அப்பா படம் பிடித்து அனுப்புவார். கையெழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்.

கார்த்திகையில் புயல் கரையைக் கடந்த அன்று நான் கடலூரில், வானொலி நிலையத்திலேயே இருந்தேன். பஸ் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் முந்தின நாளே கிளம்பிவிட்டேன். அப்பா வழக்கம்போல் முறைத்தார், பிறகு பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தார். அன்று பகலிலேயே இருட்டு. கரண்ட் போனது. டிவி போனது. செல்போன் டவர் விட்டு விட்டுக் கிடைத்தது. நிலையத்து லேண்ட்லைனும் அதோடு வரும் நெட்டும் மட்டும் எப்படியோ தாக்குப் பிடித்தன. அதன் பிறகு ஜெனரேட்டரை வைத்து ஊரில் பேசிக்கொண்டிருந்தது நாங்கள்தான். எந்தத் தெருவில் கம்பி அறுந்து கிடக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள், கெடிலம் ஆற்றில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது, எந்த வீட்டுப் பிரசவத்துக்கு வண்டி வேண்டும். சிக்னல் கிடைத்த மூலையில் நின்றுகொண்டு ஆட்கள் கூப்பிட்டபடியே இருந்தார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர், ஏம்மா, எல்லாத் தெருவையும் சொல்ற, எங்க தெருவுல மட்டும் மழையே பெய்யாத மாதிரி வுட்டுட்டியே, நாங்க இன்னா வரி கட்டலியா என்று சண்டை போட்டார். மேலே ஓட்டில் நீர் ஒழுகியது. நம் தில்லைநாதன் ஒரு கையால் ஒலி மிக்சரை இயக்கிக்கொண்டு மறு கையால் அதற்குக் குடை பிடித்தான். எனக்குக் குடை எங்கடா என்றேன். நீங்க நனைஞ்சா துவட்டிக்கலாம்க்கா, இது நனைஞ்சா நிலையமே போச்சு என்றான். சிரித்தோம். அடுத்து ஒரு பெண் கூப்பிட்டாள். உதவி எதுவும் கேட்கவில்லை. பேசிக்கிட்டே இருங்கக்கா, நிறுத்திடாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகு என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. எத்தனையோ இருட்டு வீடுகளுக்குள் அது உட்கார்ந்திருந்தது. நான் அங்கெல்லாம் இல்லை.

புயல் நாட்களில் பெயர் வாசிப்பு உண்டு என்பது உனக்குத் தெரியும். தொடர்பு அறுந்துபோனவர்களின் பெயர், ஊர், அடையாளம். வீட்டார் சொல்லுவதை அப்படியே வாசிப்பது. பார்த்தவர்கள் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் ஆள் கிடைத்துவிடும். ஒரு பெயருக்கு மட்டும் ஆள் கிடைத்ததில்லை. நெல்லிக்குப்பம் தட்சிணாமூர்த்தி, கரும்பு டிராக்டர் ஓட்டுநர், மாநிறம், இடது புருவத்தில் தழும்பு, எங்கிருந்தாலும் வீட்டுக்குத் தகவல் சொல்லவும். தானே புயல் அடித்த வருஷம் முதன்முதலாக வாசித்தேன். நான் நிலையத்தில் சேர்ந்த புதிது. புயலுக்கு முன்னால் லோடை ஆலையில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். கரும்பு ஏற்றிய டிராக்டர் மேட்டுச் சாலையில் நின்றிருந்தது, ஆள் இல்லை. ஆற்றில் போய்விட்டார் என்றார்கள். அவர் மனைவி விருத்தாம்பாள் ஒவ்வொரு புயலுக்கும் கூப்பிடுவாள். ரேடியோக்காரம்மா, அவுரு பேரையும் படிச்சிடு. அவ்வளவுதான் சொல்வாள். சும்மா நாட்களில் ஒருமுறையும் கேட்டதில்லை. நீ சின்னவளாக இருந்தபோது சீப்பை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு இந்தப் பெயரை வாசித்து விளையாடுவாய், மூச்சு விடாமல், என் குரலிலேயே. ஒருநாள் அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று நீ கேட்டாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். அந்த டிராக்டரின் சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்திருந்தது. நகராமல் இருக்க, பார்த்துப் பார்த்து வைத்த கற்கள். வெள்ளம் அடித்துப் போன ஆள் கல் வைத்துவிட்டுப் போவானா. ஊரே பார்த்தது. யாரும் கல்லைப் பற்றிப் பேசவில்லை.

இந்தப் புயலிலும் வாசித்தேன். மதியத்துக்கு மேல். வாசித்து முடித்து, மின்கம்பி எச்சரிக்கைப் பதிவை ஓடவிட்டு போனை எடுத்தேன். ஒரு ஆண் குரல். முதலில் கவனித்தது குரலை இல்லை. அந்தப் பக்கம் மழை இல்லை. அன்று யார் கூப்பிட்டாலும் பின்னால் மழையும் காற்றும் இருந்தன. இவர் பின்னால் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம், தூரத்தில் குழந்தைகள். அந்தப் பேர இன்னொரு வாட்டி படிக்காதீங்கம்மா என்றார். எந்தப் பேர் என்றேன். நீங்க யாருங்க, எங்கேருந்து பேசறீங்க என்றேன். புயல் எங்க வருதுன்னு கேக்கத்தான் போன்ல போட்டன், இங்க புள்ளைங்க இருக்குதுங்க, அதுங்க காதுல வுழுது என்றார். உங்க பேரச் சொல்லுங்க என்றேன். அதான் இப்ப நீங்களே சொன்னீங்களே என்றார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரும் வைக்கவில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு, யாரோ தன்னைத் தப்பாகக் கணக்கெடுத்துவிட்டது போல, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார். அதுவும் தப்பாப் படிக்கிறீங்க, தழும்பு வலது பக்கம். லைன் அறுந்தது. தில்லைநாதன் சிவப்பு விளக்கைக் காட்டினான். பதிவு முடிந்து மைக் திறந்திருந்தது. கம்பியைத் தொடாதீர்கள் என்று இன்னொரு முறை சொன்னேன்.

நம் நிலையம் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டாது பிரீதா. மழை இல்லாத ஊரில் அவர் கேட்டது நீ போன லீவில் வந்து இணையத்தில் போட்டுக் கொடுத்த வழியாகத்தான். அம்மா குரல் அங்கேயும் வேணும் என்று நீ செய்தது. உனக்காகத் திறந்த கதவில் இன்னொருவரும் வந்திருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை. விட்டுப் போன ஊரைப் புயல் நெருங்குகிறது என்றதும் போட்டுக் கேட்கத் தோன்றியிருக்கிறது அவருக்கும்.

அடுத்த வாசிப்பில் அந்தப் பெயரை விட்டுவிட்டேன். அந்தக் குழந்தைகளை நினைத்துத்தான். கொஞ்ச நேரத்தில் விருத்தாம்பாள் கூப்பிட்டாள், காற்றுக்கு நடுவிலிருந்து. இன்னாம்மா, அவுரு பேரு வரல. மைக் கோளாறு என்றேன். சரி சரி, பாத்துக்கம்மா, நீ பத்திரமா இரு என்றாள். என்னைப் பத்திரமாக இருக்கச் சொன்னாள். புயல் ஓய்ந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். யாரோ குடிகாரன், புயல்னா இப்படி நாலு பேரு போன் பண்ணுவானுங்க, வுடு ஸ்ரீமதி என்றார். விட முடியவில்லை. கொடியில் துணி காயப்போடும்போதும் விசிறிச் சத்தம். நம் வீட்டு விசிறியைக்கூட நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். குடிகாரனாக இருந்தால் நல்லது. ஆனால் குடிகாரனுக்கு எதற்கு வலது இடது. தழும்பு எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடம் கேட்கலாம். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். இத்தனை வருஷம் ஆற்றில் போனவராக இருந்தவரை நான் ஒரு வார்த்தையில் விட்டுப் போனவராக ஆக்கிவிடுவேன். சொல்லாவிட்டால் ஒவ்வொரு புயலிலும் தெரிந்துகொண்டே வாசிக்க வேண்டும்.

பஸ் ஓடத் தொடங்கியதும் நெல்லிக்குப்பம் போனேன். வழியெல்லாம் கரும்பு படுத்துக் கிடந்தது. விருத்தாம்பாள் வாசலில் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். அதுவரை நேரில் பார்த்ததில்லை, குரலை வைத்துப் பருமனாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். மெலிந்தவள். நான் பேசியதும் தெரிந்துகொண்டாள். அட, ரேடியோல ஜாஸ்தி வயசான மாதிரி கேக்கும், நீ இன்னா சின்னப் பொண்ணு மாதிரி இருக்கற என்று சிரித்தாள். டீக்கு அடுப்பு பற்றவைத்தாள். அவள் அடுப்புப் பக்கம் நிற்க, நான் அவள் தோளை ஒட்டி நின்றேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன், தழும்பு இடது புருவம்தானே, சரியாத்தான் படிக்கிறேனா என்று. அதுல இன்னா சந்தேகம் என்று கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். தன் முகத்தைத் தொடவில்லை. எதிரே, தன் தலைக்குக் கொஞ்சம் மேலே, காற்றில் ஒரு முகம் இருப்பதுபோல விரலை வைத்தாள். இதோ, இங்க. அவள் இடது கைப் பக்கம். எதிரே நிற்கிறவருக்கு அது வலது புருவம். பிரீதா, இத்தனை வருஷமும் அவள் அவரை எதிரில் நிறுத்தித்தான் அடையாளம் சொல்லியிருக்கிறாள். கூப்பிட்டது அவர்தான்.

என் கை தானாக என் வலது புருவத்துக்குப் போனது. அதை அவள் பார்த்துவிட்டாள். விரல் காற்றிலேயே இருந்தது, பிறகு மெதுவாக இறங்கியது. வலதுன்னு யாரு சொன்னா உனக்கு என்றாள். நான் வலது என்ற சொல்லையே எடுக்கவில்லை. போன் பண்ணாரா என்றாள். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது. மழை இல்லாத ஊர் என்றேன். குழந்தைகள் என்று சொன்னேன், அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. டீ பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். கல்லு வெச்சிட்டுப் போனாரு, எனக்கு அப்பவே தெரியும் என்றாள். இனிமேல் வாசிக்க வேண்டாமா என்றேன். ஏன், படி என்றாள். படிக்கக்கூடாதென்கிறார் என்றேன். அவுரு வரணும்னுட்டா நான் படிக்கச் சொன்னன், இல்ல, அவுரு கேக்கணும்னுதான் சொன்னன், இப்பதான் கேக்கறாருன்னு தெரியுது என்றாள். அந்தக் குழந்தைகள் என்று இழுத்தேன். அதுங்களுக்கு ஒரு பேருதான காதுல வுழும், வெறும் பேரு, யாருதுன்னு அவுருக்குத்தான தெரியும் என்றாள். வலது என்று திருத்தி வாசிக்கட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் முதன்முதலாகக் குரல் உயர்ந்தது. மாத்தாத. இடதுன்னே படி. எனக்கு அது இடதுதான்.

வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தபோது, அந்த இணைய வழியை மூடிவிடு என்று கேட்பதாகத்தான் இருந்தேன். யாருக்கும் வலிக்காது, கோளாறு என்று சொல்லிவிடலாம், இன்னொரு முறை. எழுதிக்கொண்டே வரும்போது மனம் மாறிவிட்டது. அந்தக் குழந்தைகள் இன்னும் என் காதில் விளையாடுகிறார்கள், அது போகாது. ஆனாலும் மூடாதே. நீயே பனிக்குள் உட்கார்ந்துகொண்டு எங்கள் மழையைக் கேட்கிறவள், உனக்குப் புரியும்.

மற்றபடி, ஒரு பேட்டரி ரேடியோ வாங்கி வைத்துக்கொள், போனை நம்பாதே. அந்த ஊர் நிலையத்தின் பெயரைக் கேட்டு வை. காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று. சாப்பிடாமல் படுக்காதே. நடராஜர் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், அப்பாவும் நானும் கும்பிட்டுக்கொள்கிறோம். வங்காள விரிகுடாவில் மறுபடி காற்றழுத்தத் தாழ்வு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கடலூர் போகிறேன், அப்பா பிளாஸ்கைக் கழுவி வைத்துவிட்டார். மதியம் பெயர் வாசிப்பு இருக்கும். முடிந்தால் கேள். இடது புருவத்தில் தழும்பு என்றுதான் வாசிப்பேன்.

என்றும் உன்,
அம்மா ஸ்ரீமதி